நும்மி ஆலையும் மீத்திறன் அறிவும்: மனித அமைப்புகள் தம்மைத் தாமே வளர்த்துக்கொள்கின்றனவா?

மனிதரை விஞ்சிய எந்திரம் ஒன்று தோன்றி, தன்னைவிடத் திறமையான இன்னொன்றை வடிவமைத்து, அது அடுத்ததை வடிவமைத்து, கடைசியில் எல்லாம் நம் பிடியிலிருந்து நழுவிவிடும் என்ற அச்சத்தை யார் எழுப்பினாலும், அதற்கு ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. அத்தகைய அறிவு ஏற்கெனவே நம்மிடையே உலவுகிறது. பெருநிறுவனம், அரசு, படை, ஆய்வுக்கூடம் என்று அதற்குப் பெயர்கள் உண்டு. எந்தத் தனிமனிதராலும் செய்ய முடியாததை அது செய்கிறது. தன் குறையைத் தானே கண்டு திருத்திக்கொள்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் அதனோடு வாழ்ந்தும் உலகம் தலைகீழாகிவிடவில்லை. ஆகவே கவலைக்கு இடமில்லை என்பது அந்த மறுமொழி. இதே உவமையை மறுபுறமாகப் பிடித்து, நிறுவனங்களே நம் கைமீறிப் போய்விட்ட நிலையில் எந்திரத்தைக் குறித்துக் கூடுதலாக அல்லவா அஞ்ச வேண்டும் என்று கேட்போரும் இருக்கிறார்கள். முடிவில் முரண்படும் இவ்விரு தரப்பும் உவமையை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றன. அந்த உவமை நிற்குமா என்பதை நும்மி என்ற ஒரு கார் ஆலையின் வரலாற்றைக்கொண்டு சோதிப்பதே இந்த ஆய்வு.

சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கோடு இரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியில் இருந்த கணிதவியலாளர் ஐ. ஜே. குட், 1965-இல் இந்தக் கருத்துக்கு முதன்முதலாகத் தெளிவான வடிவம் கொடுத்தார். அவருடைய வரையறையில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. எவ்வளவு கெட்டிக்கார மனிதராயினும் அவருடைய அறிவுசார் செயல்கள் அனைத்தையும் அந்த எந்திரம் வெகுவாக விஞ்ச வேண்டும் என்பது முதலாவது. எந்திரங்களை வடிவமைப்பதும் அத்தகைய ஒரு செயலே ஆதலால், அது தன்னைவிடச் சிறந்த எந்திரத்தை வடிவமைக்கும், அதிலிருந்து அறிவின் பெருவெடிப்பு தொடங்கும் என்பது இரண்டாவது. பின்னாளில் தத்துவவியலாளர் நிக் போஸ்ட்ரம், இவ்வாறு மனிதரை விஞ்சும் மீத்திறன் அறிவை வேகத்தால் விஞ்சுவது, கூட்டாகச் சேர்ந்து விஞ்சுவது, தரத்தால் விஞ்சுவது என்று மூன்றாகப் பிரித்தார். இப்பிரிவினையில் நிறுவனங்களுக்கு உரிய இடம் நடுவில் இருப்பது என்பது வெளிப்படை. நிறுவனங்களைப் பற்றிய வாதங்களில் நான் காணும் பெரும்பிழை, குட்டின் இரு நிபந்தனைகளையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான். ஓர் அமைப்பு மனிதரை விஞ்சுகிறதா என்பது வேறு. தன்னை விஞ்சும் வேலையைத் தானே செய்துகொள்கிறதா என்பது வேறு.

முதல் நிபந்தனை: ஐம்பதாயிரம் பேர் ஒருவரோடு ஆடிய ஆட்டம்

முதல் நிபந்தனையை விரைவாகக் கடந்துவிடலாம். அதற்கு ஏறக்குறைய ஆய்வுக்கூடச் சோதனை போன்ற ஒரு நிகழ்வே கிடைத்திருக்கிறது. 1999 ஜூன் 21 அன்று, அப்போதைய சதுரங்க உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான கேரி காஸ்பரோவ் ஒரு பக்கமும், இணையத்தில் வாக்களிக்க வந்த எவரும் மறுபக்கமுமாக ஓர் ஆட்டம் தொடங்கியது. 75-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000-க்கும் அதிகமானோர் பங்கேற்றனர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 24 மணி நேரம் அளிக்கப்பட்டது. நான்கு இளம் ஆட்டக்காரர்கள் ஆலோசகர்களாக இருந்தனர். அவர்களில் ஐரினா க்ரஷ் என்ற பதினைந்து வயதுப் பெண், பத்தாவது நகர்த்தலில் எவரும் எதிர்பாராத ஒரு புதுமையைப் பரிந்துரைத்து ஆட்டத்தையே வேறு தடத்துக்குத் திருப்பினார். அன்று முதல் உலக அணியின் பகுப்பாய்வு அவரைச் சுற்றித் திரண்டது. வாழ்நாளில் வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று காஸ்பரோவ் பின்னர் கூறினார். ஆயினும் நான்கு மாதங்களுக்குப் பின், அக்டோபர் 22 அன்று, 62 நகர்த்தல்களோடு அவரே வென்றார்.

தோல்வியைவிடத் தோற்ற விதமே நமக்கு முக்கியம். இறுதிக் கட்டத்தில், 58-ஆவது நகர்த்தலின்போது, க்ரஷின் பரிந்துரை உரிய நேரத்தில் வெளியாகவில்லை. வாக்கு வேறொரு நகர்த்தலுக்குப் போனது. கூட்டத்தின் விவாதங்கள் அனைவர் பார்வைக்கும் திறந்திருந்தன. அவற்றைத் தாமும் படித்துவந்ததாகக் காஸ்பரோவே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டம் சராசரி உறுப்பினரைவிடப் பன்மடங்கு உயர்ந்து ஆடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது உயர்ந்ததெல்லாம் ஒரு நல்ல தலையைச் சுற்றி ஒழுங்காகத் திரண்டபோதுதான். உச்சியில் இருந்த ஒற்றை மனிதரை அதனால் தாண்ட முடியவில்லை. அதே காஸ்பரோவ் 1996-இல் டீப் ப்ளூ கணினியை 4–2 என்று வென்று, அடுத்த ஆண்டே அதன் மேம்படுத்தப்பட்ட வடிவத்திடம் 3½–2½ என்று தோற்றவர் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

இதிலிருந்து நிறுவனங்கள் மந்தமானவை என்ற முடிவுக்கு வருவது அவசரம். ஒரு வேலையைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒருவரிடம் கொடுத்து, பிறகு ஒட்டிவிட முடியுமானால், அங்கே அமைப்பு எந்த மனிதரையும் விஞ்சிவிடுகிறது. ஒரு காரின் ஒவ்வொரு பாகத்தையும் தனியொருவராகச் செய்யத் தெரிந்தவர் உலகில் எவரும் இல்லை. ஒரே மூளைக்குள் தொடர்ச்சியாக ஓட வேண்டிய சிந்தனைச் சரடு தேவைப்படும் இடத்தில், ஆள் கூடக் கூட ஆழம் கூடுவதில்லை. குட்டின் முதல் நிபந்தனையை நிறுவனங்கள் பாதி நிறைவேற்றுகின்றன என்று குறித்துக்கொண்டு, கடினமான பாதிக்கு வருவோம்.

களம்: ஒரே கட்டடம், அதே தொழிலாளர்கள்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கம் முதல் நடத்திவந்த கார் ஆலை, 1982-இல் மூடப்பட்டது. மூடப்பட்டபோது அது அந்நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்றாகப் பெயரெடுத்திருந்தது. நாள்தோறும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது அங்கே வழக்கம். அசெம்பிளி லைனை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பது எழுதப்படாத முதல் விதி. தவறாகப் பூட்டப்பட்ட பாகத்தோடு கார் நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு திடலில் நிறுத்திவைத்துப் பிரித்துச் சரிசெய்வார்கள். ஒரு மாடலின் உடலில் வேறொரு மாடலின் முகப்பு பூட்டப்பட்டு வெளிவந்த கார்களைப் பற்றி அங்கு வேலை செய்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

1984-இல் அதே கட்டடம் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனமாக மறுபடியும் திறக்கப்பட்டது. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங் என்ற அதன் நீண்ட பெயரை எல்லோரும் நும்மி என்று சுருக்கிக்கொண்டார்கள். தன் உற்பத்தி முறை அமெரிக்கத் தொழிலாளர்களிடமும் அமெரிக்க உதிரிபாக நிறுவனங்களிடமும் செல்லுபடியாகுமா என்று அறிவது டொயோட்டாவின் நோக்கம்; சிறிய காரை நட்டமின்றிச் செய்வது எப்படி என்று கற்பது ஜெனரல் மோட்டார்ஸின் நோக்கம். டொயோட்டா குடும்பத்தைச் சேர்ந்த தத்சுரோ டொயோடா அதன் முதல் தலைவரானார். பணிக்கு எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் மூடப்பட்ட பழைய ஆலையில் வேலை செய்தவர்கள். தொழிற்சங்கமும் பழைய சங்கம்தான். குழுத் தலைவர்களாக வரவிருந்தவர்கள் தொகுதி தொகுதியாக ஜப்பானில் உள்ள தகாவோகா ஆலைக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள தொழிலாளர்களோடு தோளுக்குத் தோள் நின்று பழகினர்.

விளைவை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் குழு அளந்திருக்கிறது. ஒப்பீட்டுக்காகச் சீர்செய்யப்பட்ட கணக்கில், ஒரு காரைப் பூட்டி முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேர உழைப்பும், தகாவோகாவுக்கு 16 மணி நேரமும், நும்மிக்கு 19 மணி நேரமும் தேவைப்பட்டன. நூறு காருக்கு 45 குறைகள் என்பதில் நும்மி தகாவோகாவுக்குச் சமமாக நின்றது. ஃப்ரேமிங்ஹாமில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. கையிருப்பில் வைத்திருந்த உதிரிபாகங்கள் ஃப்ரேமிங்ஹாமில் இரண்டு வாரத்துக்கும், நும்மியில் இரண்டு நாளுக்கும், தகாவோகாவில் இரண்டு மணி நேரத்துக்கும் போதுமானவையாக இருந்தன. கட்டடம் மாறவில்லை, ஆட்கள் பெரும்பாலும் மாறவில்லை, எந்திரங்களும் அந்தக் காலத்து உயர்ரகத் தானியங்கிகள் அல்ல. மாறியது அமைப்பு ஒன்றே. அமைப்புக்கென்று தனியே ஓர் அறிவு உண்டா என்று ஐயுறுவோருக்கு இதைவிடத் தூய்மையான சான்று கிடைப்பது அரிது.

ஸ்டாப் வாட்ச் யார் கையில்?

அந்த அறிவு எங்கே குடியிருந்தது என்று பார்க்கப் பட்டறைத் தளத்துக்குள் இறங்க வேண்டும். அசெம்பிளி லைன் நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். போல்ட் சரியாக இறங்காவிட்டாலோ பாகம் பொருந்தாவிட்டாலோ தொழிலாளி அதை இழுப்பார். விளக்கு எரியும், ஓர் இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடிவருவார். கார் அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கோளாறு தீர்ந்தால் மறுபடியும் கயிற்றை இழுத்துவிடுவார்கள். தீராவிட்டால் லைன் நிற்கும். ஜப்பானியச் சொல்லால் ஆண்டான் என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டின் மதிப்பு, கோளாறு பிறந்த இடத்திலேயே, பிறந்த நிமிடத்திலேயே, அதைப் பார்த்த கண்களுக்குச் சொந்தக்காரரிடமே விசாரணை தொடங்குகிறது என்பதில் இருக்கிறது.

இரண்டாவது காட்சி இன்னும் நுட்பமானது. பழைய ஆலையில், ஒவ்வொரு வேலையையும் எத்தனை விநாடியில் எந்த அசைவுகளோடு செய்ய வேண்டும் என்று எழுதித் தருவதற்குத் தொழிற்பொறியாளர்கள் தனியாக இருந்தனர். ஸ்டாப் வாட்சோடு அவர்கள் வரும்போது தொழிலாளி வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார், அவர்கள் போனபின் தனக்குத் தெரிந்த குறுக்குவழியில் முடித்துவிட்டு ஓய்வெடுப்பார். ஆக, அந்த வேலையைப் பற்றிய மிகச் சிறந்த அறிவு அமைப்பிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்ட அறிவாக இருந்தது. நும்மியில் ஸ்டாப் வாட்ச் தொழிலாளர்களின் கைக்கு வந்தது. குழுவினர் ஒருவரை ஒருவர் நேரம் பார்த்து, பாதுகாப்பானதும் சிக்கனமானதுமான அசைவு வரிசையைத் தேர்ந்து, மறு ஷிஃப்ட்டில் அதே வேலையைச் செய்பவர்களோடு பேசித் தாளில் எழுதி ஒட்டினார்கள். மேலும் நல்ல வழி கிடைத்தால் அந்தத் தாளைத் தாங்களே மாற்றினார்கள். 1991-இல் மட்டும் தொழிலாளர்கள் 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகளை அளித்ததும் அவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் நடைமுறைக்கு வந்ததும் பதிவாகியிருக்கின்றன.

கணினித் துறை முன்னோடியான டக்ளஸ் எங்கெல்பார்ட், அமைப்புகளின் வேலையை மூன்று அடுக்காகப் பிரிப்பார்: அன்றாட வேலை, அந்த வேலையைச் செம்மைப்படுத்தும் வேலை, செம்மைப்படுத்தும் முறையையே செம்மைப்படுத்தும் வேலை. பழைய ஃப்ரீமான்ட்டில் முதல் அடுக்கு தொழிலாளியிடமும் இரண்டாம் அடுக்கு பொறியாளரிடமும் இருந்தன, இருவரும் எதிரிகள். மூன்றாம் அடுக்குக்கு அங்கே ஆளே இல்லை. நும்மியில் முதல் இரண்டு அடுக்குகளும் ஒரே கையில் சேர்ந்தன. டொயோட்டாவிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர்கள் மூன்றாவதைப் பார்த்துக்கொண்டனர். எனவே, தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் அமைப்பு என்பது வெறும் உருவகம் அன்று, அப்படி ஒன்று உண்மையாகவே இயங்க முடியும் என்பதை இந்த ஆலை காட்டுகிறது. உவமையின் ஆதரவாளர்களுக்கு இதுவரை வெற்றிதான்.

படியெடுக்க முடியாத வெற்றி

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. குட் கற்பனை செய்த எந்திரம் தன் மேம்பாட்டை அடுத்த எந்திரத்துக்கு அப்படியே கைமாற்றும். நும்மியில் பாதி உரிமை ஜெனரல் மோட்டார்ஸுக்கு இருந்தது, கதவுகள் திறந்திருந்தன, டொயோட்டா எதையும் மறைக்கவில்லை, கற்றுக்கொள்வதற்கென்றே ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர், கேமராவோடு போய் நும்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படம்பிடித்து வந்து, நம் ஆலையையும் அப்படியே ஆக்குங்கள் என்று உத்தரவிட்டதாக அங்கிருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கயிறு படத்தில் விழும். கயிற்றை இழுத்தவருக்குத் திட்டு விழவில்லை என்பது எந்தப் படத்திலும் விழாது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த சகோதர ஆலையில் இது சோதிக்கப்பட்டது. அங்கும் குழுமுறை அறிவிக்கப்பட்டது, அங்கும் பயிற்சி நடந்தது. ஆனால் தம் தகுதியும் சலுகையும் குறைவதை மேலாளர்கள் விரும்பவில்லை. குழுமுறை என்பது ஆட்குறைப்புக்கான முன்னேற்பாடு என்று தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் கருதினர். பாகம் பொருந்தவில்லை என்று லைனை நிறுத்தினால், அந்தப் பாகத்தைச் செய்து அனுப்பிய பிரிவோ வடிவமைத்த பொறியாளரோ அதைத் திருத்தித்தர முன்வரவில்லை. நும்மியில் கயிற்றை இழுத்தால் உதவி வந்தது. மற்ற ஆலையில் இழுத்தாலும் வருவதற்கு ஆள் இல்லை, ஏனெனில் உதவ வேண்டியவர்கள் ஆலைக்கு வெளியே, மற்ற துறைகளில் இருந்தனர். வான் நைஸ் ஆலை 1992-இல் மூடப்பட்டது. இதே பத்தாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தானியங்கி எந்திரங்களுக்காகப் பல ஆயிரம் கோடி டாலரைச் செலவிட்டது. விலைக்கு வாங்கக்கூடியவை எல்லாம் வாங்கப்பட்டன.

ஜெனரல் மோட்டார்ஸ் ஒன்றுமே கற்கவில்லை என்பது நியாயமான தீர்ப்பு ஆகாது. ஜெர்மனியின் ஐசனாக் நகரில் 1992-இல் திறக்கப்பட்ட புதிய ஆலையில் நும்மி முறை நன்றாகவே வேர்பிடித்தது. ஆனால் அங்கே நும்மியில் பழகிய மனிதர்களே நேரில் போனார்கள், ஆலையும் வெற்று நிலத்தில் புதிதாக எழுந்தது. பழைய பழக்கங்கள் நிறைந்த ஆலைகளுக்கு அந்த அறிவு பரவ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 2009 ஜூன் 1 அன்று திவாலாவதற்கு மனுச் செய்தபோது அந்நிறுவனத்துக்கு நும்மியோடு கால் நூற்றாண்டு உறவு இருந்தது.

இந்த ஆய்வில் நான் காணும் மையமான செய்தி இதுதான். அமைப்பின் அறிவு கையேட்டிலும் கட்டடத்திலும் இருப்பதைவிட, ஒருவர் மற்றவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்ற நம்பிக்கையில்தான் அதிகம் இருக்கிறது. 1988-இல் விற்பனை சரிந்து ஆலையின் கொள்ளளவில் கணிசமான பகுதி முடங்கிக் கிடந்தபோதும், நும்மி ஒருவரைக்கூட வேலையை விட்டு அனுப்பாமல் பயிற்சியிலும் கைசன் எனப்படும் தொடர் செம்மைப்படுத்தும் பணிகளிலும் ஈடுபடுத்தியது. யோசனை சொன்னால் நம் வேலையே போய்விடாது என்று தொழிலாளர்கள் நம்பியதற்கு அந்த ஆண்டு ஒரு காரணம். அத்தகைய நம்பிக்கையை நடந்துகாட்டித்தான் உருவாக்க முடியும். நடந்துகாட்ட ஆண்டுகள் பிடிக்கும். மேலும், அமைப்பின் உறுப்புகள் மனிதர்கள். அவர்களுக்குச் சொந்த நோக்கங்கள் உண்டு, பேரம் பேசுவார்கள், ஒளித்து வைப்பார்கள், மறுப்பார்கள். மூளையின் நரம்பணு எதுவும் தொழிற்சங்கம் அமைப்பதில்லை. இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. அமைப்புகள் வெறிபிடித்து ஓடாமல் இருப்பதற்கும் இதுவே பெருமளவு காரணம் என்று கருதுகிறேன்.

ஆசிரியரின் வேக வரம்பு

சரி, படியெடுக்கத் தவறியது மாணவன். ஆசிரியர் என்ன ஆனார்? டொயோட்டா 2008-இல் விற்பனையில் உலகின் முதலிடத்துக்கு உயர்ந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கட்டுப்பாடின்றி வேகமெடுப்பதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து பல இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா அளித்த வாக்குமூலத்தில், வளர்ந்த வேகம் மிகையாகிவிட்டதோ என அஞ்சுவதாகவும், தம் மனிதர்களையும் அமைப்பையும் வளர்த்தெடுக்க முடிந்த வேகத்தைத் தாண்டி நிறுவனம் வளர்ச்சியை நாடிவிட்டதாகவும் கூறினார். செம்மைப்படுத்தும் கலையில் உலகுக்கே ஆசிரியராக இருந்த அமைப்பின் தலைவர், தம் அமைப்பின் வேக வரம்பு எது என்பதைத் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். ஒரு குழுத் தலைவர் பக்குவமடைய எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, அதுவே அந்த வரம்பு. ஆயிரம் முறை கைசன் செய்தாலும், மனிதர் கற்கும் வேகம் என்ற அந்த ஒன்று கைசனுக்கு உட்படுவதில்லை.

இது ஒரு தொழிலுக்கு மட்டும் உரிய நோயா என்று கேட்கலாம். குட் தம் கருத்தை வெளியிட்ட அதே 1965-இல்தான், கணினிச் சில்லில் அடங்கும் பாகங்களின் எண்ணிக்கை சீரான கால அளவில் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்று, பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் கணித்தார். 1971-இல் வந்த இன்டெல் 4004 சில்லில் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று கைக்கணினிகளில் இருக்கும் சில்லுகள் பல நூறு கோடியைத் தாண்டிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் இது பெருவெடிப்புப் போலவே தோன்றும். அதுவும், சில்லுகளை வடிவமைக்கும் கருவி அதே சில்லுகளால் ஆன கணினி எனும்போது, தன்னை மேம்படுத்தும் வளையம் பூரணமாகிவிட்டதாகவே படும். ஆனால் பொருளியலாளர்கள் நிக்கலஸ் புளூம், சார்லஸ் ஜோன்ஸ், ஜான் வான் ரீனன், மைக்கேல் வெப் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இரட்டிப்பைத் தக்கவைக்க 1970-களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப் போல 18 மடங்குக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இப்போது தேவைப்படுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். கருவி ஆயிரம் மடங்கு கூர்மையாகியும், ஒரு படி ஏறுவதற்கான ஆள்பலம் குறையவில்லை, ஏறியது. பெருவெடிப்பின் அடையாளம் இதற்கு நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்: ஒவ்வொரு படியும் அடுத்த படியை மலிவாக்கியிருக்க வேண்டும்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் வலிமையானதாக ஏற்கிறேன். ஆண்டுகளை விட்டுவிட்டு நூற்றாண்டுகளை அளவாகக்கொண்டால் அமைப்புகள் உண்மையாகவே தம்மை மாற்றி அமைத்துக்கொண்டிருக்கின்றன. இத்தாலிய வணிகர்களிடம் புழங்கி, 1494-இல் லூகா பச்சோலியால் அச்சேறிய இரட்டைப் பதிவுக் கணக்குமுறை, வணிக அமைப்பு தன்னைத்தானே பார்க்க உதவும் கண்ணாடியாக அமைந்தது. அச்சு, பங்கு நிறுவனம், ஆய்வுக்கூடம் ஆகியவையும் அவ்வாறே. இவற்றின் கூட்டு விளைவை ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவர் பார்த்தால் மீத்திறன் அறிவு என்றே சொல்வார். இதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்த மேம்பாடு நிகழ்ந்தது எந்த ஓர் அமைப்புக்குள்ளும் அல்ல. அமைப்புகள் பிறந்து, பார்த்துப் பழகி, பெரும்பாலும் மடிந்துபோன நெடிய களத்தில். கற்றது களம், தனி நிறுவனமோ ஜெனரல் மோட்டார்ஸ் போலக் கற்கத் திணறியது.

எந்திரத்தோடு ஒப்பிட்டால்

ஒப்பீட்டின் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2017-இல் ஆல்ஃபாஸீரோ நிரல், விதிகளை மட்டும் அறிந்துகொண்டு தன்னோடு தானே ஆடிச் சில மணி நேரத்தில் அன்றைய வலிமைமிக்க சதுரங்க நிரலையே விஞ்சியது. ஐம்பதாயிரம் பேரால் முடியாததை அது செய்தது. கற்றதை ஒரு கோப்பாக நகலெடுத்தால் நகலுக்கும் அதே திறமை, அதே விநாடியில். நும்மிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஆலைகளுக்கும் இடையே இருபது ஆண்டு அகழியாக நின்றது எதுவோ, அது நிரலுக்கு இல்லவே இல்லை. ஆயினும் ஆல்ஃபாஸீரோ தன் வடிவமைப்பைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பணியைச் செய்தது அதை உருவாக்கிய மனித அமைப்பே. எங்கெல்பார்ட்டின் அடுக்குகளில் சொன்னால், நிரல் முதல் இரண்டில் மனிதரைத் தாண்டியது, மூன்றாவதை மனிதரிடமே விட்டிருந்தது. ஆக, குட்டின் இரண்டாம் நிபந்தனையை அது முழுமையாக நிறைவேற்றிவிட்டது என்று இந்தச் சான்றைக்கொண்டு கூற முடியாது.

என் கணிப்பில், நிறுவனங்களைக் காட்டி ஆறுதல் சொல்வோரும் அச்சமூட்டுவோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். நிறுவனம் அமைதியாக இருந்ததற்குக் காரணம் அதன் அறிவு குறைவு என்பதல்ல. அதன் உறுப்புகளை நகலெடுக்க முடியாது, விரைவுபடுத்த முடியாது, அவற்றின் ஒத்துழைப்பை அவற்றிடமே கேட்டுப் பெற வேண்டும் என்ற மூன்று தடைகள்தான். இந்தத் தடைகள் அறிவுக்கு இயல்பானவையா, மனித உறுப்புகளால் ஆன அறிவுக்கு மட்டுமே உரியவையா என்பதே உண்மையான கேள்வி. நும்மி காட்டுவது இரண்டாவது விடையின் பக்கம் சாய்கிறது. தன் மேலாளர், பொறியாளர், குழுத் தலைவர் ஆகியோரின் இடத்தில் நகலெடுக்கக்கூடிய உறுப்புகளை வைக்கத் தொடங்கும் நிறுவனம், அகியோ டொயோடா சுட்டிய வேக வரம்பிலிருந்து அந்த அளவுக்கு வெளியேறும். அதுவரை நிறுவனங்கள் எப்படி நடந்துகொண்டன என்ற வரலாறு அதன்பின் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பிணை ஆகாது.

ஃப்ரீமான்ட் கட்டடத்தின் கதையில் இன்னும் ஓர் அத்தியாயம் மிச்சம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் விலகிய பின், 2010 ஏப்ரல் 1 அன்று நும்மியின் கடைசிக் காரான ஒரு கொரோலா வெளியே வந்தது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தனர். அதே ஆண்டில் டெஸ்லா நிறுவனம் அந்த ஆலையை வாங்கியது. புதிய மாடல் ஒன்றை மனிதக் கை குறைவாகப் படும்படி, தானியங்கிகளும் சிக்கலான கன்வேயர்களும் நிறைந்த லைனில் உற்பத்தி செய்ய அங்கே திட்டமிட்டார்கள். லைன் திணறியது. மிகையான தானியக்கம் ஒரு தவறு, அது தம்முடைய தவறே, மனிதர்கள் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறார்கள் என்று 2018 ஏப்ரலில் ஈலான் மஸ்க் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆயிரம் கோடி டாலர் கொடுத்துக் கற்ற பாடம் அது. நும்மியின் தொழிலாளர்கள் கால் நூற்றாண்டுக்காலம் அதே கூரையின் கீழ் எதிர்த்திசையிலிருந்து நிரூபித்ததும் அதுவே. அந்த ஜூனில், ஆலை வளாகத்தின் திறந்தவெளியில் பெரிய கூடாரம் ஒன்றை எழுப்பி, ஆட்களைக்கொண்டு கையால் பூட்டும் புதிய அசெம்பிளி லைன் ஒன்றை டெஸ்லா அதற்குள் நிறுவியது.